எந்த வலையில் பட்ட மீன்?

மீன் வாங்குவது நம்மவர்களுக்கு ஒரு வித்தை. கூடையை இறக்கிய மாத்திரத்தில் செவுளைத் தூக்கிப் பார்த்துச் சிவப்பு மங்கியிருக்கிறதா என்று ஆராய்வதும், கண் பிதுங்கி நிற்கிறதா குழிந்து கிடக்கிறதா என்று கவனிப்பதும், வயிற்றோரத்துச் சதையை விரலால் அழுத்தி அது மீண்டும் எழும்புகிறதா என்று சோதிப்பதும், இவ்வளவும் முடிந்தபின் விலையைக் கேட்டுத் திடுக்கிட்டவர்போல் முகத்தை வைத்துக்கொண்டு பத்தடி நடந்துபோய்த் திரும்பி வருவதும், தாயிடமிருந்து மகளும் தகப்பனிடமிருந்து மகனும் ஏடு இல்லாமலே கற்றுக்கொள்ளும் சாஸ்திரம். ஆனால் இந்தச் சாஸ்திரம் முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றிக் கட்டப்பட்டது. மீன் புதிதா, பழையதா? அதற்கு விடை கிடைத்துவிட்டால் நம் மனச்சாட்சிக்கு வேறு வேலை இல்லை; உப்புப் போட்டு அலச வேண்டியதுதான் பாக்கி.

மற்றப் பண்டங்களிடம் நாம் இப்படி நடந்துகொள்வதில்லை. மாம்பழம் என்றால் சேலமா என்கிறோம். பாய் என்றால் பத்தமடையா என்கிறோம். முறுக்குக்கு மணப்பாறை, பூட்டுக்குத் திண்டுக்கல், பட்டுக்குக் காஞ்சிபுரம் என்று ஊரை விசாரித்துக்கொண்டே ஒரு பொருளை வீட்டுக்குள் விடுகிற ஜனங்களாகிய நாம், மீனுக்கு மட்டும் 'கடல்' என்னும் ஒரே முகவரியை எழுதித் திருப்தியடைந்துவிடுகிறோம். எந்தக் கரையில் இறங்கியது, எந்தப் படகு கொண்டுவந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக எந்த வலையில் பட்டது என்று கேட்பார் இல்லை. மீன் உண்பதன் தர்மாதர்மம் பெரும்பாலும் அந்தக் கடைசிக் கேள்விக்குள்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

மீன் உண்பதே பாவம் என்று உபதேசிக்க நான் வரவில்லை. மீன் குழம்பின் மணம் தெருமுனையில் வரும்போதே நடையைத் துரிதப்படுத்துகிறவர்களில் நானும் ஒருவன். ஆயினும், திருவள்ளுவர் புலால் மறுத்தல் என்னும் அதிகாரத்தில் கொல்கிறவனை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு, விலை கொடுத்து வாங்குகிறவனை வேடிக்கை பார்ப்பவர் வரிசையில் உட்கார வைக்கவில்லை. உண்பவனுடைய நாவே விற்பவனுடைய கடையைத் திறந்து வைக்கிறது என்னும் நியாயத்தால் இருவரையும் ஒரே வழக்கில் சேர்த்துவிட்டார். புலாலை அறவே விடச் சொல்லும் அவருடைய தீர்ப்புக்கு உடன்பட மனம் வராத என்போன்றவர்களும், அந்த வழக்கில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை மறுக்க வழியில்லை. உண்பதென்று தீர்மானித்தவனுக்கு, எதை, எவ்வாறு பிடித்ததை உண்கிறோம் என்று விசாரிக்கும் கடமையாவது மிஞ்சுகிறது.

நம் கடற்கரையின் பழைய தொழில்முறையில் வலைக்கு மீனின் பெயரையே வைத்திருந்தார்கள். நெத்திலி வலை, சாளை வலை, நண்டு வலை, திருக்கை வலை என்று சொல்லும்போது, ஒவ்வொன்றுக்கும் தனிக் கண்ணளவு, தனி நூல், தனிப் பருவம், கடலில் தனி இடம் என்பதெல்லாம் அந்தப் பெயருக்குள்ளேயே அடங்கியிருந்தது. சாளை வலையின் கண்ணில் சாளை தலையை நுழைத்துச் செவுளில் மாட்டிக்கொள்ளும். அதனினும் சிறியது நழுவிப்போய் அடுத்த வருஷத்துக்கு வளரும். மிகப் பெரியது முட்டிப் பார்த்துத் திரும்பிவிடும். அந்தக் காலத்து மீனவர் அனைவரும் தர்மிஷ்டர்கள் என்றோ, அவர்கள் வலையில் ஒரு குஞ்சும் அகப்பட்டதில்லை என்றோ நான் சொல்லவில்லை. கரைவலையின் மடியில் பொடி மீனும் வந்ததுதான். ஆனால் கட்டுமரத்தின் பாய்க்கும் மனிதனுடைய தோளுக்கும் ஓர் எல்லை இருந்தது. வலையின் பெயரே மீனவன் கடலோடு செய்துகொண்ட ஒப்பந்தம்போல் இருந்தது.

அந்த ஒப்பந்தம் கலைந்த கதை நல்லெண்ணத்தில்தான் ஆரம்பமாயிற்று. 1952-ஆம் ஆண்டில் இந்திய சர்க்காரும் நார்வே தேசமும் ஐக்கிய நாடுகள் சபையும் கையொப்பமிட்ட உடன்படிக்கையின்படி, கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் மீனவரின் வறுமையைப் போக்குவதற்கென்று இயந்திரப் படகுகளும் புதிய முறைகளும் புகுத்தப்பட்டன. சில வருஷங்களுக்குள் உறைய வைத்த இறாலுக்கு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் விலை ஏறவே, வறுமை நிவாரணமாக வந்த யந்திரம் இறால் வேட்டைக்குப் புறப்பட்டது. இறால் கடலின் அடித்தரையில் வாழும் பிராணி. ஆகையால் அதைப் பிடிக்கிற மடியும் அடித்தரையை உரசிக்கொண்டே போக வேண்டியதாயிற்று. இரண்டு பக்கமும் கனத்த பலகைகள் வாயை அகலத் திறந்து பிடிக்க, அடிக்கயிற்றின் சங்கிலி தரையைக் கிளற, அதிர்ந்து எழுந்த ஜீவராசிகள் எல்லாம் ஒரே பைக்குள் போய்ச் சேர, விசைப்படகு மணிக்கணக்காக இழுத்துச் செல்கிறது. இம்முறை நம் கரையிலும் பரவிற்று. பின்னர் இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் முறையும் வந்தது.

பெயர்களைக் கவனியுங்கள். இழுவை மடி, இரட்டை மடி, சுருக்கு மடி. இவற்றுள் ஒன்றேனும் மீனின் பெயரைத் தாங்கவில்லை. இழுப்பதையும் சுருக்குவதையும், அதாவது மனிதன் செய்கிற காரியத்தையே அவை சொல்லுகின்றன. எந்த மீன் என்பது மடிக்கு ஒரு பொருட்டில்லாமற் போனபோது, வலைக்கு மீனின் பெயரை வைக்கவும் அவசியமில்லாமற் போயிற்று.

நாட்டுப்படகுக்காரர்கள் இதைக் கண்டு வாளா இருக்கவில்லை. 1970-களின் பிற்பகுதியில் சென்னைக் கரையிலும் பிற இடங்களிலும் கட்டுமரத்தாருக்கும் விசைப்படகினருக்கும் கலகம் மூண்டு, அதன் பயனாக 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. கரையிலிருந்து மூன்று கடல்மைல் வரையுள்ள நீரைச் சிறு தொழிலாளருக்கு அது ஒதுக்கிற்று. இழுவை மடியின் கடைப்பையில் கண் 40 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பதும் விதியாயிற்று. இரட்டை மடியும் தடை செய்யப்பட்டது. சுருக்கு மடியை நம் மாநிலம் 2000-ஆம் ஆண்டில் தடுத்தது. பின்னதைக் கடைசியாக 2023 ஜனவரியில், பன்னிரண்டு கடல்மைலுக்கு அப்பால் வாரத்துக்கு இரண்டு நாள் மாத்திரம் என்று உச்சநீதிமன்றம் இடைக்காலமாக அனுமதித்தது. சட்டத்துக்குக் குறைவில்லை. நள்ளிரவில் கடலில் போய்க் கண்ணளவை அளந்து பார்ப்பவர் யார் என்பதே கேள்வி.

மடியைக் கரையில் கொட்டும்போது ஒருமுறை பார்த்தால் போதும். மேலே விலைபோகும் இறாலும் கணவாயும் சங்கராவும் கொஞ்சம். அடியில் விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகளும், குட்டித் திருக்கைகளும், நண்டுப் பொடிகளும், சிப்பியும், பாசியும், பெயர் தெரியாத இன்னும் எத்தனையோ உயிர்களும் சேறுபோலக் குழைந்து கிடக்கும். முன்னது பனிக்கட்டிப் பெட்டிக்குப் போகிறது. பின்னது மணலில் காய்ந்து மூட்டையாகி, மாவாகி, தீவனமாகிறது. நாமக்கல் பண்ணைக் கோழிக்கும், உப்பங்கழிப் பண்ணை இறாலுக்கும் அதுவே ஆகாரத்தில் ஒரு பங்கு. 'மீனைத் தொடுவதில்லை, முட்டை மாத்திரம் சேர்த்துக்கொள்வேன்' என்று பெருமைப்படும் என் நண்பர் ஒருவருக்கு, அவர் நாள்தோறும் விடியற்காலையில் உடைத்து ஊற்றுவதில் ஒரு துளி கடலும் இருக்கலாம் என்று சொன்னபோது, அவர் என்னை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பத்துக் கிலோ வரை வளர வேண்டிய வஞ்சிரத்தின் குஞ்சை மாவாக்கிக் கோழிக்குப் போட்டுவிட்டு, வஞ்சிரம் ஏன் இத்தனை விலை என்று அதிசயிக்கிறோம்.

கடலைத் தொடாமல் வளர்க்கிற இறால் இதற்குப் பரிகாரம் ஆகாதா என்று கேட்கலாம். அந்தப் பரிகாரத்தையும் நாம் அனுபவித்துப் பார்த்தவர்களே. 1990-களில் காவிரிக் கழிமுகத்தின் நெல்வயல்களில் இறால் குட்டைகள் பெருகி, உப்புநீர் பக்கத்து நிலத்திலும் குடிநீர்க் கிணற்றிலும் ஊறியபோது, சர்வோதயப் பெரியவர் ஜகந்நாதன் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். 1996 டிசம்பரில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பும் வந்தது. ஆனால் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் அத்தொழிலுக்கு மீண்டும் வழிவிட்டது. இன்று நம் தட்டில் பெரும்பாலும் விழுகிற பண்ணை இறால் வனாமி என்னும் ஜாதி. பசிபிக் சமுத்திரத்தின் அமெரிக்கக் கரையே அதன் பூர்வீகம். 2009-இல்தான் அதை இங்கே வளர்க்க அனுமதி கிடைத்தது. குளத்துக் கரையில் நம் ஊர்க்காரனைப்போல் துள்ளும் ஜிலேபிக் கெண்டையும் 1952-இல் வெளிநாட்டிலிருந்து இறங்கிய விருந்தாளியே. ஊர் விட்டு ஊர் வந்தது குற்றமில்லை. மிளகாயும் அப்படித்தான் வந்தது. ஆனால் பண்ணை இறால் உண்ணும் தீவனத்தில் கடல் மீனின் மாவு கலந்திருக்கும்வரை, கடலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்வது ஆத்மவஞ்சனையே.

இனி, சொல்லத் தயங்கும் ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பாக்கு நீரிணைக்கு அப்பால், யாழ்ப்பாணத்துக் கரையிலும் மன்னார்க் கரையிலும், 2009-இல் யுத்தம் ஓய்ந்தபின் பல வருஷ காலத்துக்குப் பிறகு கடலுக்குத் திரும்பிய மீனவர்கள் நம் மொழியையே பேசுகிறவர்கள். கடன்பட்டு வாங்கிய வலையை இரவில் விரித்துவிட்டு விடியலில் போய்ப் பார்த்தால், நம் பக்கத்து விசைப்படகின் மடி அதைக் கிழித்து வாரிக்கொண்டு போயிருக்கிறது என்பது அவர்களுடைய நெடுநாள் முறையீடு. அடித்தரையை வாரும் இழுவையை இலங்கை 2017-இல் சட்டத்தால் தடுத்துவிட்டது. நம் மீனவர்கள் அந்தக் கடலில் சுடப்பட்டதும், அடிக்கப்பட்டதும், படகை இழந்து சிறையில் வாடுவதும் எந்த நியாயத்துக்கும் அடங்காத கொடுமை. அதைக் கண்டிக்கும் நாவு, மறுகரைத் தமிழனின் வலை கிழிவதைப் பற்றியும் பேசினால்தான் அதன் கண்டனத்துக்கு வலிமை உண்டு. ராமேசுவரத்து விசைப்படகுத் தொழிலாளி விரும்பி இரு நாட்டுக் கடல் எல்லைக் கோட்டைத் தாண்டுவதில்லை. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று பங்கிட்டுக்கொண்ட பிறகும், குறுகிய நீரிணையில் படகுகள் மிகுந்து, நம் பக்கத்துத் தரையை மடிகள் வாரி முடித்துவிட்டன. டீசலுக்கும் வட்டிக்கும் பதில் சொல்ல வேண்டியவன் மீன் இருக்கும் இடத்துக்குப் போகிறான். இரண்டாயிரம் இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிக்கு மாற்றுவதென்று 2017-இல் தொடங்கிய திட்டம் முழுமையாக நிறைவேறியிருந்தால், இந்தத் துக்கத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். அறிவித்த இலக்கில் சிறு பகுதியே கைகூடிற்று.

ஆழ்கடல் என்றதும் அங்கே சுலபமாக மீன் கிடைக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதியினர் சுறாவையும் சூரையையும் தேடிப் பல நாள் தூரத்துக்குத் தூண்டிலோடு போகிறவர்கள். அடித்தரையைக் கிளறாத, குஞ்சை வாராத தொழில் அது. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் வீசியபோது, கரைக்குத் தகவல் சொல்ல வழியின்றி நடுக்கடலில் இருந்தவர்களும் அவர்களே. திரும்பி வராதவர்களின் புகைப்படங்களை மடியில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்த பெண்களைப் பத்திரிகைகளில் பார்த்தோம். அடுத்த வாரம் சந்தையில் சூரை ஏன் வரவில்லை என்றும் கேட்டோம். மீனின் பூர்வீகத்தில் மனிதனும் உண்டு.

2025 ஜனவரியில் சென்னைக் கரையிலும் அதை அடுத்த கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் மாண்டு ஒதுங்கின. மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டிய பிராணி அது. மடிக்குள் அகப்பட்டால் தண்ணீரிலேயே திணறிச் சாகும். ஆமை தப்பிப் போக மடியில் ஒரு திறப்பு வைக்கும் கருவியைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் வெகு காலத்துக்கு முன்பே உருவாக்கியிருக்கிறது. அது போதிய அளவில் கடலுக்குள் இறங்கவில்லை. இதைக் காரணம் காட்டி, 2019 முதல் நம் கடலில் பிடித்த இறாலை வாங்க அமெரிக்கா மறுத்தது. ஐரோப்பிய நாடுகளோ, 2010-ஆம் ஆண்டு தொடங்கி, எந்தப் படகு, எந்தக் கடற்பகுதியில் பிடித்தது என்று எழுதிய சான்றிதழ் இல்லாமல் கடல்மீனை உள்ளே விடுவதில்லை. அவர்களுடைய நோக்கத்தில் வியாபாரமும் கலந்திருக்கும் என்று சந்தேகிப்போர் சந்தேகிக்கட்டும். எனக்கு உறைக்கிற விஷயம் வேறு. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள சாப்பாட்டு மேஜைக்குப் போகும் நம் மீனுக்கு ஒரு ஜாதகம் எழுதிக் கொடுக்கப்படுகிறது. காசிமேட்டில் இறங்கி மயிலாப்பூர் அடுப்புக்கு வரும் மீனுக்கு அது கிடையாது. அந்நியன் கேட்டான், எழுதினோம். நாம் கேட்கவில்லை, ஆகவே நமக்கு யாரும் எழுதவில்லை.

இப்படி விசாரிப்பது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு, ஏழையின் தட்டில் கைவைக்கும் காரியம் என்று ஓர் ஆட்சேபம் எழும். ஏழையின் தட்டைப் பார்த்தால் விடை கிடைக்கும். அங்கே இருப்பது மத்தியும் நெத்திலியும் காரப்பொடியும். இவை ஒரு சில வருஷங்களுக்குள் வளர்ந்து, முட்டையிட்டு, கூட்டம் கூட்டமாய்ப் பெருகும் ஜாதிகள்; வலைக்குத் தாங்கும். சின்ன மீன் வேறு, மீன் குஞ்சு வேறு என்னும் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. முழு வளர்ச்சி அடைந்த நெத்திலி சின்ன மீன். கையளவு வஞ்சிரம் மீன் குஞ்சு. கடலுக்குக் கஷ்டம் கொடுப்பது, பன்னிரண்டு மாதமும் வஞ்சிரமும் வவ்வாலும் பெரிய இறாலும் வேண்டும் என்கிற நம் பணப்பை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளைக் கட்டிப்போட்டு மீன் இனம் பெருகுவதற்குச் சர்க்கார் அவகாசம் கொடுக்கிறது. அந்த 61 நாளும் நம் விருந்து மேஜைக்கு மாத்திரம் விடுமுறை கிடையாது. வேறு கரையிலிருந்து பல நாள் பனிக்கட்டியில் பிரயாணம் செய்து வரும் மீனைக் கேட்டு வாங்குகிறோம்; 2018-இல் கேரளத்து எல்லைச் சோதனைச் சாவடிகளில், பிணத்தைப் பாதுகாக்கும் பார்மலின் மீனில் அகப்பட்டது என்று கேட்டவுடன், கடல் நம்மை வஞ்சித்துவிட்டதுபோல் கோபித்துக்கொள்கிறோம்.

செய்யக்கூடியவை அரிதானவை அல்ல. இன்ன மீனை இன்ன நீளத்துக்குக் குறைவாகப் பிடித்து விற்கலாகாது என்று கேரளம் 2015-இல் விதிக்கத் தொடங்கியது. அந்த நீளங்கள் நம் ஏலக்கூடங்களிலும் மார்க்கெட்டுகளிலும் பலகையில் படமாகத் தொங்க வேண்டும். வாங்குகிறவன் கண்ணில் படாத விதி, கடலில் இருப்பவனை மாத்திரம் திருத்திவிடாது. ஏற்றுமதி மீனுக்கு எழுதுகிற ஜாதகத்தில் மூன்றே வரியை, அதாவது இறங்கிய ஊர், பிடித்த நாள், வலையின் பெயர் ஆகியவற்றை, ஏலத்திலேயே ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும். கடனில் மூழ்கிய விசைப்படகுக்காரன் இழுவையை விட்டு வெளியேறுவதற்கு வழிச்செலவைச் சமூகம் கொடுக்க வேண்டும்; அவன் வயிற்றில் அடித்து மீனைக் காப்பாற்ற முடியாது. நாட்டுப்படகு மீனுக்குச் சற்று அதிகம் கேட்டால், அந்த அதிகத்தைப் பேரம் பேசாமல் கொடுக்க நாமும் பழக வேண்டும்.

இவ்வளவையும் யோசித்துக்கொண்டிருந்த ஒரு நாள் காலை, எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மாள் கூடையை இறக்கினார். வழக்கம்போல் செவுளைத் தூக்கப் போன கையை நிறுத்திக்கொண்டு, "அம்மா, இது எந்த வலையில் பட்டது?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார், பிறகு கூடைக்குள் கைவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே, "இது வள்ளத்து மீன் ஐயா, ராத்திரி வலை போட்டு விடியக்காலம் வந்தது. இது போட்டு மீன், நாலு நாள் ஐஸில கெடந்தது. இந்த நண்டு எங்க வீட்டுக்காரர் வலையில பட்டது" என்று தயங்காமல் சொன்னார். இருபது வருஷமாக அவரிடம் மீன் வாங்குகிறேன். அந்தக் கூடைக்குள் அத்தனை விவரமும் இருந்திருக்கிறது. போட்டு மீனைவிட வள்ளத்து மீனுக்கு நாற்பது ரூபாய் கூடச் சொன்னார். அன்று நான் பத்தடி நடந்துபோய்த் திரும்பி வரவில்லை.